டயரும் ஒரு கியர்தான்

"அண்ணே, முப்பத்தொண்ணு இன்ச் டயர் மாட்டிட்டா வண்டி மணல்ல சிக்காது, லோடும் நல்லா இழுக்கும்னு சொல்றாங்களே, நெசமா?"

திருக்கழுக்குன்றம் சாலையோர டீக்கடையில் இதைக் கேட்ட தம்பிக்கு மீன் வியாபாரம். விடியுமுன் கொக்கிலமேட்டுக் கரையில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வருகிறார். முப்பது கிலோமீட்டர் சொச்சம். கரையில் பொடிமணல், அதைத் தாண்டினால் நல்ல தார்ச்சாலை. வண்டி பொலேரோ ரகப் பிக்கப். டயர் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகவே போடலாமே என்று யோசனை.

அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. மணலில் சிக்காமல் வருவது ஒன்று, லோடு இழுப்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரிய டயர் ஓரளவு கைகொடுக்கும். இரண்டாவதில் கையைக் கடிக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். தம்பி, இன்னொரு டீ சொல்லுங்க. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் டயர் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். 215/75 ஆர் 15 என்று இருக்கிறது. பொலேரோ ரக வண்டிகளில் பரவலாக இருக்கும் அளவு இது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம்; அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 381 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். மூன்றையும் கூட்டினால் டயரின் முழு உயரம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் என்றால் 787. இரண்டுக்கும் வித்தியாசம் 12 சதவீதம். கண்ணுக்கு நாலு விரல் அகலம்தான். வண்டிக்கு அது பெரிய சங்கதி.

இந்தக் கணக்கை நம்பாவிட்டால் அளந்தே பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றி, டயரில் போட்ட கோடு மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியை நேராகத் தள்ளுங்கள். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் பிடித்தால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கிடைத்துவிடும். கணக்கின்படி 2 மீட்டர் 21 சென்டிமீட்டர் வர வேண்டும். டேப்பில் சில சென்டிமீட்டர் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கி நிற்கிறது. பெரிய டயரை இதே போல அளந்தால் கணக்குக்கு 2 மீட்டர் 47.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எஞ்சினிலிருந்து சாலை வரைக்கும் சுற்று மூன்று இடத்தில் மாறுகிறது. கியர்பாக்ஸில் ஒரு முறை. பின் ஆக்ஸிலின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியனில் இரண்டாம் முறை. மூன்றாவது, சுற்று தூரமாக மாறும் இடம், அதுதான் டயர். முதல் இரண்டையும் கியர் என்கிறோம், மூன்றாவதை ரப்பர் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் டயரும் ஒரு கியர்தான். டயரின் உயரத்தை மாற்றுகிறவர், ஃபர்ஸ்ட் முதல் டாப் வரை எல்லாக் கியரையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். கம்பெனி டயர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 452 சுற்று. கிரவுன் பினியன் ரேஷியோ 4.1 என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கியரில் கியர்பாக்ஸ் நேராகவே சுற்றும், ஆக எஞ்சின் சுற்று 1,855. ஐந்தாவது கியர் 0.8 என்றால் 1,484. அதே வேகத்தில் 31 அங்குல டயர் நிமிடத்துக்கு 404 சுற்றுதான் சுற்றும். நாலாவதில் எஞ்சின் சுற்று 1,658, ஐந்தாவதில் 1,326. சுற்று குறைந்தால் நல்லதுதானே, டீசல் மிச்சம்தானே என்று தோன்றும். காலி வண்டி, சமதரை, ஜி.எஸ்.டி. சாலை என்றால் சரிதான். ஆனால் இந்த ரக டீசல் எஞ்சின்களுக்கு முழு இழுவை கிடைப்பது 1,400, 1,500 சுற்றைத் தாண்டிய பிறகு. லோடோடு 1,326 சுற்றில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் திணறும். டிரைவர் ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்கு இறங்குவார். பெரிய டயர் போட்டதால் டாப் கியர் பெயருக்கு இருக்கும், பயனுக்கு இருக்காது.

இழுவை எங்கே குறைகிறது? கடப்பாரையால் கல்லை நெம்புகிறவருக்கு இது கையில் தெரியும். முட்டுக்கொடுத்த இடத்துக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட, அதே கைபலத்துக்குக் கல் அசைய மறுக்கும். சக்கரத்தில் அந்தத் தூரம் ஆக்ஸிலின் நடுவிலிருந்து தரை வரை. எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, ஃபர்ஸ்ட் கியர் 4, கிரவுன் 4.1 என்று வைத்தால் ஆக்ஸிலுக்கு 3,280 நியூட்டன் மீட்டர் வந்து சேர்கிறது. நடுவில் உராய்வில் போவதை விட்டுவிடுவோம். கம்பெனி டயரில் இது தரையைச் சுமார் 9,300 நியூட்டன் விசையோடு தள்ளும். 31 அங்குல டயரில் 8,300. ஆயிரம் நியூட்டன் குறைகிறது; ஏறத்தாழ நூறு கிலோ தள்ளல். மூன்று டன் எடையுள்ள வண்டி முப்பதுக்கு ஒன்று என்ற சாய்வில் ஏற எவ்வளவு கூடுதல் தள்ளல் வேண்டுமோ, அவ்வளவு. நம் பக்கத்து மேம்பாலங்கள் பலவற்றின் சாய்வும் கிட்டத்தட்ட இதுதான். அந்த இழுவையை டயர் வாங்கிய கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

விட்டதைப் பிடிக்க டிரைவர் என்ன செய்வார்? கிளட்சைப் பாதி மிதித்து, எஞ்சினை இரைய விட்டு வண்டியை எடுப்பார். கிளட்ச் பிளேட் தேயும். டயர் கடையில் கொடுத்த காசோடு கிளட்ச் கடையிலும் கொஞ்சம் கொடுக்க வேண்டிவரும்.

"அப்ப ஸ்பீடா மீட்டர் என்னண்ணே காட்டும்?"

நல்ல கேள்வி. மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயர் வளர்ந்தது அதற்குத் தெரியாது. 60 என்று காட்டும்போது வண்டி 67-இல் போய்க்கொண்டிருக்கும். 80 என்று காட்டும்போது 89.5. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதி. தப்பு நடந்தாலும் உயிருக்குப் பாதுகாப்பான பக்கம் நடக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத் தலைகீழாக்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்கள் குறுக்கே நடக்கும் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஏழு கிலோமீட்டர் வேகம் என்ன செய்யும் என்று அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிலோமீட்டர் கணக்கும் தவறும். உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 893 ஏறும். ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும். மைலேஜும் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்: லிட்டருக்கு நிஜமாக 11 கொடுக்கிற வண்டி, மீட்டர் கணக்குக்கு 9.8 கொடுப்பது போலக் காட்டும். பெரிய டயர் மாட்டியவர் மைலேஜ் போச்சு என்று புலம்பினால், அதில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி மீட்டர் எண்ணாமல் விட்ட தூரம். செல்போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து ஒப்பிட்டால் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

இந்த இடத்தில் குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 2005-இல் அது வந்தபோது அதன் எஞ்சின் இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு முக்கால் டன் சுமக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் அதற்கு 12 அங்குல ரிம்மில் சின்னஞ்சிறு சக்கரம் கொடுத்தார்கள். சக்கரம் சின்னதானால் கடப்பாரையின் அந்தப் பக்கம் குட்டை. குறைந்த பலத்திலும் பாரம் நகரும். கூடவே தளமும் தாழ்ந்தது, மூட்டை ஏற்றுகிறவரின் முதுகு பிழைத்தது. வேகம் போயிற்று, பள்ளத்தில் ஏறி இறங்கும் வசதி போயிற்று. சந்துக்குள் சரக்கு கொண்டுபோகிற வண்டிக்கு அவை தேவையில்லை என்று தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். எஞ்சின், கியர், கிரவுன், டயர் நான்கையும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் ஒரு வேலை வண்டி உருவாகும். நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே, மஹிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள் இருக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலியில் இந்த மாதிரிக் கணக்குகளைப் போடுவதே பொறியாளர்களின் வேலை. அவர்கள் ஒன்றோடொன்று பொருத்திவைத்த நான்கில் ஒன்றை மட்டும் நாம் கழற்றி மாற்றுகிறோம்.

"அப்ப பெருசு போடணும்னா வழியே இல்லையாண்ணே?"

இருக்கிறது தம்பி. டயரில் இழந்ததைக் கிரவுன் பினியனில் திரும்ப வாங்கலாம். 4.1 என்ற ரேஷியோவைப் பிரித்துப் பார்த்தால், கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல். பினியன் 4.1 முறை சுற்றினால் கிரவுன் ஒரு முறை சுற்றும். பினியனில் ஒரே ஒரு பல் குறைந்து 9 ஆனால் ரேஷியோ 4.56. பதினொரு சதவீதம் கூடுகிறது. 31 அங்குல டயர் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ முழுவதும் வந்துவிடுகிறது. முன்பு நாலாவது கியரில் 60-க்கு 1,855 சுற்று என்று பார்த்தோமே, இப்போது 1,842. எஞ்சினுக்கு டயர் மாறியதே தெரியாது.

அமெரிக்காவில் இது சகஜம். மறைமலை நகரில் ஆலை நடத்திய அதே ஃபோர்டு, அங்கே எஃப்-150 பிக்கப்பை 3.31, 3.55, 3.73 என்று பல ரேஷியோக்களில் விற்றிருக்கிறது. நெடுஞ்சாலையில் காலியாக ஓடுகிறவர் 3.31 வாங்குவார், படகைக் கட்டி இழுக்கிறவர் 3.73 கேட்பார். அதே எஞ்சினுக்கு இழுக்கும் திறன் என்று கம்பெனி எழுதித் தரும் எடையே ரேஷியோவுக்கு ரேஷியோ மாறும். நம் ஊரில் ஷோரூமில் அப்படித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. நம் வண்டியின் ஹவுசிங்குக்குப் பொருந்தும் வேறு ரேஷியோ செட் கிடைக்குமா என்று முதலில் தேட வேண்டும்.

கிடைத்தாலும் அது அவசரத்தில் முடியும் வேலையில்லை. கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைத்துச் சேர்த்தவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. தேர்ந்த கை எப்படிப் பொருத்துகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிரவுனின் நாலைந்து பல்லில் சாயத்தைத் தடவுவார்கள். பிறகு கையாலேயே மெதுவாக முன்னும் பின்னும் சுற்றுவார்கள். பினியன் பல் தொட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு தடம் விழும். அந்தத் தடம் பல்லின் நடுவில், நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியில் விழுந்தாலும் அடியில் விழுந்தாலும் பினியனுக்குப் பின்னால் வைக்கும் தகடைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் வேலையைக் கொடுத்தால் ஹவுசிங் ஊளையிட ஆரம்பிக்கும். பிறகு பல் உடையும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியென்றால் முன் ஹவுசிங்கிலும் அதே ரேஷியோ மாற்ற வேண்டும். அதில் முன்னுக்கும் பின்னுக்கும் டயர் அளவு மாறினாலே பல்லும் ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கும்.

பெரிய டயருக்கு உண்மையான நன்மை ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் உயரும். பின்னால் தொங்கும் ஹவுசிங் தரையிலிருந்து ஒரு நூல்கூட எழும்பாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 703 போய் 787 வந்தால் ஹவுசிங் 42 மில்லிமீட்டர் மேலே போகிறது. பாலாற்றுப் படுகையை ஒட்டிய தடங்கள், மதுராந்தகம் பக்கத்து வயல் வரப்புப் பாதைகள், கல் குவாரிக்குள் போகும் வழிகள் இவற்றில் தினமும் அடிவயிறு உரசுகிற வண்டிக்கு அந்த உயரம் பெரிய உபகாரம். பெரிய சக்கரம் பள்ளத்தில் முழுதாக விழாமல் உருண்டு கடக்கும் என்பதும் உண்மை.

மணலுக்கு வருவோம். அங்கே தம்பியின் எதிரி டயரின் உயரம் அல்ல, அழுத்தம். தார்ச்சாலையில் ஒரு டன் எடையை உருட்ட 15 கிலோ அளவு தள்ளல் போதும். உலர்ந்த பொடிமணலில் அதுவே 200 கிலோவையும் தாண்டும், ஏனென்றால் சக்கரம் தனக்குத் தானே பள்ளம் தோண்டி, அதிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. பள்ளம் ஆழமாகாமலிருக்க டயர் தரையில் பரந்து நிற்க வேண்டும். ஒரு சக்கரத்தில் 500 கிலோ இருக்கிறது, காற்று 40 பவுண்டு என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர். காற்றை 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு பைசா செலவில்லை. பெரிய டயர் வாங்கி அதில் முழுக்காற்றும் அடைத்து மணலில் இறங்குகிறவரைவிட, கம்பெனி டயரில் காற்றை இறக்கிவிட்டுப் போகிறவர் சுலபமாக வெளியே வருவார்.

ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும். காற்றைக் குறைத்தது காலி வண்டிக்கு, மணலுக்கு, மெதுவான வேகத்துக்கு. அதே காற்றில் லோடு ஏற்றித் தார்ச்சாலையில் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கும். கையில் ஒரு பிரஷர் கேஜும், பேட்டரியில் ஓடும் சின்ன பம்பும் இருக்க வேண்டும்; தாருக்கு ஏறியதும் கதவோரம் கம்பெனி ஒட்டிய தாளில் இருக்கும் அளவுக்கு அடைத்துவிட வேண்டும். மணலில் செகண்ட் கியரில் மெதுவாக எடுங்கள். சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கினால் காலை எடுத்துவிடுங்கள். மேலே மிதித்தால் ஹவுசிங் மணலில் உட்காரும் வரை தோண்டிவிடும். எல்லாவற்றையும்விட நல்லது, வண்டியைக் கெட்டித்தரையில் நிறுத்திப் பெட்டிகளை அங்கே வரவழைப்பது. இந்தக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ஏறி வந்து மணலில் முட்டையிடுகின்றன. சக்கரம் ஏறிப் போன இடத்தில் என்ன இருந்தது என்று டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அந்த உயிர்களுக்காகவும் வண்டி மேட்டிலேயே நிற்கட்டும்.

பிரேக்கையும் சட்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. இழுவைக்குச் சொன்ன அதே கடப்பாரைக் கணக்கு பிரேக்குக்கும் உண்டு. டிரம்மும் லைனிங்கும் பழையவை, சக்கரம் பெரிது; அதே நிறுத்தலுக்கு மிதி 12 சதவீதம் கூடுதலாக வேண்டும். டயரின் எடையும் கூடியிருக்கிறது, அது சுற்றும் எடை. வண்டி உயர்ந்ததால் ஐஸ் பெட்டிகளின் பாரமும் உயர்ந்து, வளைவில் சாய்வு கூடும். அகல டயருக்காக ரிம்மை வெளியே தள்ளிப் போட்டால் வீல் பேரிங் சீக்கிரம் போகும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போதும், ஒரு விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் டயரைப் பற்றிய கேள்வி வரும்.

தம்பி கடைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யட்டும். ஒன்று, புது டயரின் உயரத்தைப் பழையதால் வகுத்துப் பார்ப்பது. 235/75 ஆர் 15 என்றால் 733 மில்லிமீட்டர், நாலு சதவீதம் கூடுதல்; மீட்டர் 60 காட்டும்போது 62.6. லோடு அடிக்கிற வண்டிக்கு அதுவே அதிகம் என்பேன். இரண்டு, டயரில் இருக்கும் பாரக் குறியீட்டைப் படிப்பது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 110 என்றால் 1,060 கிலோ. பார்வைக்கு முரட்டுப் பூவேலையோடு இருக்கும் டயர், கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த பாரம் தாங்குவதாக இருக்கலாம். மூன்று, புது டயர் மாட்டிய முதல் வாரம் வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் பயப்படாமலிருப்பது. தேய்ந்த டயர் இரண்டு சதவீதம் வரை உயரம் குறைந்திருக்கும், அந்தக் குட்டைச் சக்கரத்துக்கு இழுவை கொஞ்சம் கூடுதல். புது டயரில் வண்டி தன் சொந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கொக்கிலமேட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு மீன் கொண்டுவருகிற வண்டிக்கு 215/75 ஆர் 15 போதும். 31 அங்குலத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் பாரத்துக்கேற்ற நல்ல டயர் நான்கு, ஒரு பிரஷர் கேஜ், ஒரு பம்ப் வாங்கிவிட்டு, மிச்சத்தில் பின் பிரேக் லைனிங்கை மாற்றுங்கள், தம்பி. வண்டி இழுக்கவும் செய்யும், நிற்கவும் செய்யும்.